வானத்தில் ஒரு சோப்புக் குமிழி

நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றின் கைப்பேசிகளில் ஒரு படம் நெடுநாளாகச் சுற்றி வருவதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். கரிய வானத்தின் நடுவே நீல நிறக் கருவிழி. அதனைச் சுற்றி இமைபோல் ஒரு செந்நிற வளையம். நம்மை உற்று நோக்கும் ஒற்றைக் கண் போன்ற தோற்றம். ‘கடவுளின் கண்’ என்பது தலைப்பு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டுமே தோன்றும் காட்சி இது என்றும், கண்டு வேண்டிக்கொள்வோர் கேட்டது கிட்டும் என்றும், தாமதியாமல் பலருக்கும் அனுப்பிட வேண்டும் என்றும் கீழே ஒரு குறிப்பு. முன்னர் மின்னஞ்சலில் வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. எனக்கு இதனை அனுப்பியோர் அனைவரும் நல்லவர்கள். அன்பியக் கூட்டத்திற்குத் தவறாமல் வருகிறவர்கள்.

படம் உண்மையானது, குறிப்புத்தான் பொய். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியும், அரிசோனாவில் கிட் பீக் மலைமீதுள்ள தொலைநோக்கியும் எடுத்தவற்றை இணைத்து 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட படம் அது. கும்ப விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ 650 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஹெலிக்ஸ் என்னும் விண்முகில் அது. ஜெர்மானிய வானியலார் கார்ல் லுட்விக் ஹார்டிங் 1824-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனைக் கண்டு குறித்து வைத்தார். மூவாயிரம் ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை. ஐப்பசி இரவில் மழைமேகம் வழிவிட்டால், தொலைநோக்கி உடையார் எவரும் அதனை ஆண்டுதோறும் காணலாம். இறைவனின் படைப்பை வியப்பதற்கு நாம் ஒரு பொய்யைத் துணைக்கு அழைக்க வேண்டுமா என்ன?

இந்த ஹெலிக்ஸ் இனத்தைச் சேர்ந்த விண்முகில்கள் நம் பால்வெளி மண்டலத்தில் மூவாயிரத்துக்கும் மேலாக இதுவரை அறியப்பட்டுள்ளன. அவற்றுள் கணிசமானவற்றைக் கண்டுபிடித்தோர் வானியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர்; பகலில் வேறு பிழைப்பைப் பார்த்துவிட்டு, இரவில் சிறு தொலைநோக்கியில் ஒளிப்படக் கருவியைப் பொருத்தி வானத்தைப் படமெடுக்கும் ஆர்வலர்கள். அவர்களைப் பற்றிச் சில ஆண்டுகளாகவே படித்து வருகிறேன். 1986-ஆம் ஆண்டில், சிறு குருமட மாணவனாக, ஹாலி வால்மீனை மொட்டைமாடியில் நின்று பார்த்தவன் நான். புகைத்திட்டுப் போன்ற அதனைக் கண்ட நாள் முதல், வானத்தின் மங்கலான பொருள்களில் எனக்கு ஒரு நாட்டம் உண்டு. ஆனால் இவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் அந்த நாட்டத்தால் மட்டும் எழுந்ததன்று. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கோள்வடிவ விண்முகில், அதாவது பிளானட்டரி நெபுலா என்பது இவற்றின் பெயர். இவற்றுக்கும் கோள்களுக்கும் எவ்வித உறவும் கிடையாது. பெயரிட்டவர் வில்லியம் ஹெர்ஷல். இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு சிற்றாலயத்தில் ஆர்கன் வாசித்தும் இசை கற்பித்தும் பிழைத்து வந்தவர் அவர். நம் கோவில் பாடற்குழுவினர் இதனைக் கவனிப்பார்களாக! தொலைநோக்கிக்கு வேண்டிய ஆடியைத் தம் கையாலேயே தேய்த்து உருவாக்கி, 1781 மார்ச் 13 அன்று தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து யுரேனஸ் கோளைக் கண்டார். பின்னர் வானத்தைத் துருவிப் பார்த்து வருகையில், அந்த யுரேனஸைப் போலவே சிறு வட்டத் தட்டாகத் தெரிந்த மங்கலான திட்டுகள் சில அகப்பட்டன. கோள் போலத் தோன்றியதால் அப்பெயரை இட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது, இன்றளவும் எவராலும் மாற்ற முடியவில்லை.

1790 நவம்பர் 13 இரவில் அவர் ரிஷப விண்மீன் கூட்டத்தில் வேறொன்றைக் கண்டார். நடுவில் தெளிவாக ஒரு விண்மீன். அதனைச் சூழ்ந்து, பனியில் விளக்கு எரிவது போல், ஒரு மங்கிய ஒளி. விண்முகில் எல்லாம் தொலைவிலுள்ள விண்மீன்களின் திரளே என்று அதுவரை எண்ணியிருந்த ஹெர்ஷல், இது அந்த ஒற்றை விண்மீனைச் சேர்ந்த ஒளிரும் பாய்மமே என்று கண்டு, தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அப்போது அவர் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றவர். மன்னரின் ஊதியம் பெற்றவர்.

அப்படியாயின் இவை யாவை? நம் சூரியனைப் போன்ற விண்மீன்கள் தம் வாழ்நாளின் இறுதியில் அடையும் நிலையே இது. மையத்திலுள்ள ஹைட்ரஜன் எரிபொருள் தீர்ந்தபின் விண்மீன் பெரிதும் ஊதிப்பெருத்துச் சிவந்த பூதம்போல் ஆகிறது. பின்பு தன் மேற்போர்வைகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே உதறிவிடுகிறது. போர்வை நீங்கிய உள்ளகம் ஒரு லட்சம் பாகைக்கும் மேலாகச் சூடேறி, புறவூதாக் கதிர்களை வீசுகின்றது. அக்கதிர்கள் பட்டு, உதறப்பட்ட வாயு ஒளிர்கின்றது. அந்த ஒளியே விண்முகில். வாயுவோ விநாடிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போய்க்கொண்டே இருக்கும். சில பத்தாயிரம் ஆண்டுகளில் அது கலைந்து, விண்வெளியோடு கலந்துவிடும். உள்ளகம் வெண்குள்ளன் என்னும் சிறு விண்மீனாகக் குளிர்ந்து கிடக்கும். நம் சூரியன் அந்தக் கட்டத்தை எட்ட இன்னும் ஏறத்தாழ ஐந்நூறு கோடி ஆண்டுகள் உள. ஆகையால் எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு விண்மீனின் வாழ்வு பல நூறு கோடி ஆண்டுகள். இந்த ஒளிரும் கட்டமோ சில பத்தாயிரம் ஆண்டுகள். எழுபது ஆண்டு வாழ்ந்த முதியவரின் இறுதி மூச்சை, அந்த ஒரு மணித்துளியில் அருகில் இருந்தவரே காண்பது போன்றதுதான் இது. சில வேளைகளில் மாற்றம் நம் கண்முன்னரே நிகழ்வதும் உண்டு. பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம். பார்த்தசாரதி அவர்களும் உடனுழைத்தவர்களும் 1993-இல் ஒரு விண்மீனைப் பற்றி எழுதினர். முந்தைய நாற்பது ஆண்டுகளுக்குள்ளாகவே அது சாதாரண விண்மீன் நிலையிலிருந்து கோள்வடிவ விண்முகிலாக மாறிவிட்டது என்பதை அதன் நிறமாலையைக் கொண்டு காட்டினர். தென் வானத்திலுள்ள அதற்கு ஸ்டிங்ரே, அதாவது திருக்கை மீன், என்று பெயர் வழங்குகிறது.

நிறமாலை என்றேன். இவ்விடத்தில் சற்று நின்று செல்ல வேண்டும். லண்டனில் குடும்பத்தின் பட்டு வாணிபத்தை விற்றுவிட்டு, வீட்டுத் தோட்டத்தில் சொந்தமாக வானாய்வுக் கூடம் கட்டியவர் வில்லியம் ஹக்கின்ஸ். அவரும் ஆர்வலரே. 1864 ஆகஸ்ட் 29 இரவில், டிராகோ விண்மீன் கூட்டத்திலுள்ள ஒரு கோள்வடிவ விண்முகிலின் ஒளியை அவர் முப்பட்டகத்தின் வழியே செலுத்திப் பார்த்தார். விண்மீனின் ஒளியாக இருந்தால் வானவில்போல் தொடர்ச்சியான நிறப்பட்டை விரிந்திருக்கும். அவர் கண்டதோ இருளின் நடுவே தனித்து நின்ற ஒருசில ஒளிக்கோடுகள்! ஒளிரும் வாயுவே இவ்வாறு கோடுகளைத் தரும். விண்மீன்களின் திரளா, வாயுவா என்று நூறாண்டுக்கு மேல் நடந்த வழக்கு, இந்த விண்முகில்களைப் பொறுத்தவரை, அந்த ஓரிரவில் தீர்ந்தது. அதே ஆண்டுகளில் உரோமையில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் கூரைமீது அமைந்த வானாய்வுக் கூடத்தில், இயேசு சபைக் குருவான ஆஞ்சலோ செக்கி விண்மீன்களின் நிறமாலைகளை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து இனம் பிரித்துக்கொண்டிருந்தார் என்பதையும் நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று.

ஹக்கின்ஸ் கண்ட கோடுகளில் மிகப் பிரகாசமான பச்சைக் கோடு பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. விண்முகில்களில் மட்டும் உள்ள புதுத் தனிமம் எனக் கருதி ‘நெபுலியம்’ என்று பெயரும் இட்டுவிட்டனர். 1927-இல் ஐரா போவன் என்ற அமெரிக்க அறிஞர் அதனை விடுவித்தார். அது நாம் மூச்சிழுக்கும் பிராணவாயுதான். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன், நம் ஆய்வுக்கூடங்களில் உண்டாக்கக்கூடிய வெற்றிடத்தைவிடவும் மெலிந்த வாயுவில் இருக்கும்போது, 500.7 நானோமீட்டர் அலைநீளத்தில் அந்தப் பச்சை ஒளியை வீசுகிறது. புதுத் தனிமம் அறுபது ஆண்டுகள் புத்தகங்களில் வாழ்ந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

இன்றைய ஆர்வலர்களின் முதற்கருவி இந்தப் பச்சை ஒளிதான். அவ்வலைநீளத்தை மட்டும் உள்ளே விட்டு, தெருவிளக்கின் ஒளியையும் நிலவொளியையும் பெரும்பாலும் தடுத்துவிடும் வடிகட்டிக் கண்ணாடிகள் இப்போது விலைக்குக் கிடைக்கின்றன. ஹைட்ரஜனின் சிவப்பு ஒளிக்கு, அதாவது 656.3 நானோமீட்டருக்கு, மற்றொரு கண்ணாடி. கருவியை ஒரே இடத்தை நோக்கித் திருப்பி, வானத்தின் சுழற்சிக்கு ஏற்ப மோட்டார் அதனை நகர்த்திக்கொண்டிருக்க, ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கின்றனர். பின்பு கணினியில் அவற்றையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், தனிப்படம் எதிலும் தெரியாதது மெல்ல மேலெழுகின்றது.

உலகின் மாபெரும் தொலைநோக்கிகள் இதனைச் செய்யக் கூடாதா என்று கேட்கலாம். அவற்றின் பார்வை மிகக் குறுகியது. வானத்தின் சிறு துளியையே ஒரு வேளையில் காணும். மேலும் அவற்றின் இரவுகள் மணிக்கணக்கில் பங்கிடப்பட்டவை. எங்கோ ஏதோ இருக்கக்கூடும் என்பதற்காக நூறு மணி நேரம் எவரும் தரமாட்டார். ஆர்வலரின் கருவி சிறிது. ஆனால் பார்வை அகலமானது, நேரமோ அவருடையது.

அன்ன விண்மீன் கூட்டத்தில் பிறை விண்முகில் என்று ஒன்று உண்டு. வான்படம் எடுப்போர் அனைவரும் விரும்பி எடுக்கும் காட்சி அது. 2008 ஜூலை 6 அன்று டேவ் ஜுராசெவிச் என்ற அமெரிக்கர் அப்பகுதியை எடுத்தபோது, பிறைக்குச் சற்று அப்பால், சிவந்த வாயுத் திரைமீது மிக மெல்லிய ஒரு வட்டத்தைக் கண்டார். சிறுவர் ஊதும் சோப்புக் குமிழியைப் போல, விளிம்பு மட்டும் தெரியும் முழு வட்டம். அதே மாதம் 17-ஆம் நாளன்று, இதனை அறியாமலே, மெல் ஹெல்ம், கீத் குவாட்ரோச்சி என்ற இருவரும் தம் படத்தில் அதனைக் கண்டனர். பின்பு தேடிப் பார்த்தபோது, பழைய வான்வரைபடத்தின் புகைப்படத் தகட்டிலும் அது மங்கலாகப் பதிந்திருந்தது. எத்தனையோ பேர் கண்முன் இருந்தும் எவர் கண்ணிலும் படவில்லை. பிறையின் அழகைப் பார்த்தவர்கள் பக்கத்தில் பார்க்கவில்லை. அது கோள்வடிவ விண்முகில்களின் வரிசையில் எண் பெற்றுப் பதிவாயிற்று; ‘சோப்புக் குமிழி’ என்றே இன்று அழைக்கின்றனர்.

கண்டவுடன் ‘கண்டுபிடித்தேன்’ என்று கூவிவிட முடியாது. என்னை இத்துறையில் மிகவும் ஈர்த்த பகுதி இதுவே. படத்தில் ஒரு வட்டம் தெரிந்தால் முதலில் ஐயுற வேண்டியது தன் கருவியையே. அருகிலுள்ள பிரகாசமான விண்மீனின் ஒளி கண்ணாடிகளுக்கிடையே எதிரொளித்து, விண்முகிலைப் போலவே ஒரு போலி வட்டத்தை உண்டாக்கும். கண்ணாடிமேல் ஒட்டிய தூசியும் வட்ட நிழலாகத் தெரியும். ஆகவே கருவியைத் திருப்பி வைத்து மீண்டும் எடுக்கின்றனர். இடம் மாறினால் அது வானத்தில் இல்லை, கண்ணாடியில்தான் இருக்கிறது. அடுத்து, வேறு ஊரிலுள்ள வேறொருவர் தம் கருவியால் எடுத்த படத்தில் அது உண்டா என்று பார்க்கின்றனர். பின்பு அட்டவணைகளைப் புரட்டுகின்றனர். ஏற்கெனவே ஒருவர் கண்டு எண்ணிட்டதாக இருக்கக்கூடும்.

இவ்வளவும் தாண்டினாலும் அது வேறு எதுவாகவும் இருக்கலாம். இளம் விண்மீன்கள் ஒளியூட்டும் வாயுத்திரள், என்றோ வெடித்த விண்மீனின் மிச்சம், பெரும் விண்மீன் ஒன்றின் காற்று ஊதிய குமிழி, மிகத் தொலைவிலுள்ள வேறொரு விண்மீன் மண்டலம் ஆகிய யாவும் கோள்வடிவ விண்முகிலைப் போல வேடமிட வல்லவை. எனவே வட்டத்தின் நடுவே நீல நிறமான, வெப்பம் மிக்க ஒரு விண்மீன் இருக்கிறதா என்று தேடுகின்றனர். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் கையா விண்கலம் அளந்து தந்த விண்மீன் தொலைவுகள் இதற்குப் பேருதவியாக உள்ளன. இறுதியாக நிறமாலை. ஹக்கின்ஸ் கண்ட அதே கோடுகள் தக்க விகிதத்தில் தெரிந்தாலன்றித் தீர்ப்பு இல்லை. பிரெஞ்சு ஆர்வலர் சிலர் சிலி நாட்டில் சொந்தமாகத் தொலைநோக்கியை நிறுவி, தொலைவிலிருந்தே அதனை இயக்கி, நிறமாலையையும் தாமே எடுக்கின்றனர். நூற்றுக்கும் மேற்பட்ட புதிய விண்முகில்கள் இவ்வாறு உறுதிப்பட்டுள்ளன.

ஆலயத்தில் மூன்று ஞாயிறுகளில் திருமண ஓலை வாசிக்கிறோம் அல்லவா? இவர்களுக்குள் ஏதேனும் தடை இருப்பதாக அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று ஊர் முன்னிலையில் கேட்கிறோம். இந்த ஆர்வலர்களும் தாம் கண்டதை அவ்வாறே பலர் முன்னிலையில் வைத்து, தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்கின்றனர். ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட கோள்வடிவ விண்முகில் தரவுத்தொகுப்பில் ஒவ்வொன்றுக்கும் தரநிலை குறிக்கப்பட்டிருக்கிறது. ‘உண்மையானது’ என்பது ஒன்று; ‘பெரும்பாலும் ஆம்’ என்பது ஒன்று; ‘இருக்கலாம்’ என்பது மற்றொன்று. சில, ஆண்டுக்கணக்கில் ‘இருக்கலாம்’ என்ற இடத்திலேயே நிற்கின்றன. சில மேலேறுகின்றன. சில அடித்துவிடப்படுகின்றன. கண்டவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது அதில் கணக்கில் வருவதில்லை.

முதலில் நான் ஒத்திவைத்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். பங்குப் பணியில் கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்துவிட்டேன். ‘கேள்விப்பட்டேன், சாமி’ என்ற இரண்டு சொற்களால் நொறுங்கிய குடும்பங்களை எண்ணிப் பார்க்கையில் உள்ளம் கனக்கிறது. நான் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில், ஒரு பெண்ணைப் பற்றி எவரோ எழுதிய நாலு வரி, கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, நிச்சயித்த திருமணத்தை நிறுத்திற்று. எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. அனுப்பியவர்களைத் தனித்தனியே சந்தித்துக் கேட்டேன். அனைவரும் ஒரே விடையைத்தான் தந்தனர்: ‘நான் சொல்லவில்லை, சாமி; வந்ததை அனுப்பினேன்.’ அந்தப் பெண்ணின் தாய் ஆலயத்தின் கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்து மூடி அமர்ந்திருந்த காட்சி என் கண்ணைவிட்டு அகலவில்லை. கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள ஒரு புகைத்திட்டைப் பற்றி, எவருக்கும் தீங்கு விளையாத ஒரு செய்தியை, ‘இருக்கலாம்’ என்று மட்டும் எழுதி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மனிதர்களைப் பற்றி முதன்முதல் படித்தபோது எனக்கு அவள் நினைவே வந்தது.

கதைக்குத் திரும்புவோம். 2011-ஆம் ஆண்டு இரண்டு கண்டுபிடிப்புகளைத் தந்தது. நிக்கொலா உட்டேர் என்ற பிரெஞ்சு ஆர்வலர், செபியஸ் விண்மீன் கூட்டத்தில் ஏற்கெனவே பலரும் அறிந்த ஒரு சிவந்த விண்முகிலை, பச்சை ஒளிக்குரிய கண்ணாடியை இட்டு நெடுநேரம் படமெடுத்தார். சிவப்பின் உள்ளே ஒரு கணவாய் மீனின் வடிவம் நீலப்பச்சையாக எழுந்து நின்றது. முழுநிலவு இரண்டை அடுத்தடுத்து வைத்தாலும் அதன் நீளத்துக்கு ஈடாகாது. அவ்வளவு பெரிது, அவ்வளவு மங்கல். கோள்வடிவ விண்முகிலாக இருக்கலாம் என்றே முதலில் கருதினர். 2014-இல் வானியலார் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை வேறு கதை சொல்லிற்று. சிவந்த முகிலின் நடுவிலுள்ள பெருவிண்மீன் கூட்டொன்றிலிருந்து பீறிட்டெழுந்த வாயுவாக அது இருக்கக்கூடும், அப்படியாயின் கோள்வடிவ விண்முகில் அன்று என்பது அவர்கள் முடிவு. அவர்களும் ‘இருக்கக்கூடும்’ என்றே எழுதினர். உட்டேர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய எண்ணோடு அது அட்டவணையில் இருக்கிறது. அது எந்த இனம் என்பது முற்றிலும் தீராவிடினும், அப்படி ஒன்று அங்கே உண்டு என்பதைக் கண்டவர் அவரே.

மற்றொன்று ஆஸ்திரியாவைச் சேர்ந்த மத்தியாஸ் குரோன்பெர்கர் கண்டது. ஆழ்வான வேட்டையாளர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் ஆர்வலர் குழுவைச் சேர்ந்தவர் அவர். அக்காலத்தில் கெப்ளர் விண்கலம் வானத்தின் ஒரு பகுதியை இடைவிடாமல் நோக்கி, விண்மீன்களின் ஒளி கூடிக் குறைவதை அளந்து வந்தது. அப்பகுதியில் கோள்வடிவ விண்முகில் இருந்தால், அதன் நடுவிண்மீனுக்குத் துணைவிண்மீன் ஒன்று உண்டா என்பதைக் கண்டறியலாம். விண்முகில்கள் பல வட்டமாக இல்லாமல் வண்ணத்துப்பூச்சி போலவும் மணற்கடிகாரம் போலவும் அமைவதற்குத் துணைவிண்மீனே காரணமா என்பது வானியலாரின் நெடுநாள் வினா. ஆனால் அப்பகுதியில் அறியப்பட்ட விண்முகில்கள் மிகச் சிலவே. வானியலார் ஆர்வலரிடம் உதவி கேட்டனர். குரோன்பெர்கர் 2011 ஜனவரியில் ஒன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டே ஹவாய்த் தீவிலுள்ள ஜெமினி பெருந்தொலைநோக்கி அதனைப் படமெடுத்தது. தையல் தெரியும் கால்பந்துபோல் அது இருந்தது!

அதனைக் கண்டெடுக்க அவர் தொலைநோக்கியில் கண் வைக்கவில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் பலோமர் மலையிலும் ஆஸ்திரேலியாவிலும் எடுக்கப்பட்ட புகைப்படத் தகடுகளெல்லாம் கணினிவழிப் படங்களாக மாற்றப்பட்டுள்ளன. ஸ்ட்ராஸ்பூர் நகரின் வானியல் தரவு மையம் அவற்றை அலாதீன் என்ற மென்பொருள்வழி உலகில் எவரும் காசின்றிப் பார்க்க வைத்திருக்கிறது. அங்குலம் அங்குலமாக அவற்றைப் பார்த்தே குழுவினர் பலவற்றைக் கண்டனர்.

இதனால் யாது பயன் என்று எங்கள் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், என்னிடம் நேராகவே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நம் உடலிலுள்ள கரியும் நைட்ரஜனும் பெருமளவு இத்தகைய விண்மீன்களுக்குள் சமைந்து, அவை உதறிய போர்வைகள்வழி விண்வெளியில் பரவியவை. எத்தனை விண்மீன்கள், எவ்வளவு பொருளை, எவ்வாறு உதறின என்று கணக்கிட வேண்டுமாயின், விண்முகில்களின் பட்டியல் முழுமையாக இருத்தல் வேண்டும். பிரகாசமானவையும் அழகானவையும் முன்னரே அகப்பட்டுவிட்டன. எஞ்சியவை முதிர்ந்து, விரிந்து, கலையும் நிலையில் உள்ளவை. தூசித்திரைக்குப் பின்னால் மறைந்தவை. அவற்றை விட்டுவிட்டு எடுத்த கணக்கு, திருவிழாவிற்கு வந்தவர்களை மட்டும் எண்ணிப் பங்கின் குடும்பத் தொகையைச் சொல்வது போலாகும். இதனை அவரிடம் சொன்னேன். சிரித்தார், ஒப்புக்கொண்டாரா என்பது தெரியவில்லை.

எல்லாரும் பார்த்த இடத்திலேயே இன்னும் எஞ்சியிருக்கும் என்பதற்கு அண்மைச் சான்று ஆந்திரோமேடா மண்டலம். வானத்தில் அதனைவிட மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட விண்மீன் மண்டலம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. 2022-இல் யான் செந்தி, மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர் ஆகிய மூன்று ஆர்வலர்கள், பச்சை ஒளியில் நூறு மணி நேரத்துக்கும் மேலாகச் சேர்த்த படத்தில், அம்மண்டலத்தின் அருகே நெடிய நீலப்பச்சை வளைவு ஒன்றைக் கண்டு, 2023 ஜனவரியில் அறிவித்தனர். அது 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் ஆந்திரோமேடாவின் அருகே உள்ளதா, அல்லது நம் மண்டலத்திலேயே இடையில் நிற்கும் வாயுத்திரையா என்று பலவாறு கருத்துகள் எழுந்தன. நம் மண்டலத்தில் உள்ள ஒரு விண்மீன் என்றோ உதறிய போர்வை, ஏறத்தாழ முழுவதும் கலைந்துபோன ஒரு கோள்வடிவ விண்முகிலின் ஆவி, விண்வெளி வாயுவில் மோதிச் செல்லும் விளிம்பே அது என்ற விளக்கமும் 2025-இல் வெளிவந்துள்ளது.

எங்கள் பங்கில் மின்பணி செய்யும் இளைஞன் ஒருவனுக்கு இவற்றையெல்லாம் சொல்லி, அந்த அலாதீன் மென்பொருளையும் காட்டிக் கொடுத்தேன். வேலை இல்லாத மாலைகளில் பங்கு அலுவலகக் கணினியில் அமர்ந்து, அன்ன விண்மீன் கூட்டத்தைக் கட்டம் கட்டமாகப் பார்த்து வருகிறான். நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் கோடு போட்டு, பார்த்த கட்டங்களை அடித்துக்கொண்டு போகிறான். இதுவரை மூன்று இடங்களைக் குறித்திருக்கிறான். முதலாவது, பழைய அட்டவணையில் எண் பெற்ற ஒரு விண்முகில். இரண்டாவது, புகைப்படத் தகட்டில் இருந்த கீறல். மூன்றாவதற்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் இட்டிருக்கிறான். அதைப் பற்றிக் கேட்டால், “இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஃபாதர்” என்கிறான்.